பர்மிஷன் கொடுக்காத ஸ்பீக்கர்

சதுரங்கப்பட்டினம் கரையில் மீன் ஏலம் கூவிய ஸ்பீக்கரைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. இதே ஸ்பீக்கரில் கடல் எச்சரிக்கையைக் கம்ப்யூட்டரே தமிழில் சொன்னால் எப்படி இருக்கும்? பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை, இப்போதும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் போட்ட ஒரு குட்டி கம்ப்யூட்டரை ஸ்பீக்கரில் மாட்டினேன். நிரலை ஒரு கண்டெய்னருக்குள் வைத்திருந்தேன். அது பூட்டிய தனி அறை மாதிரி, நாம் அனுமதி கொடுக்காமல் உள்ளே இருப்பது வெளியே எதையும் தொட முடியாது. சாயங்காலம் முதல் சோதனை. எழுத்தைப் பேச்சாக்கும் தமிழ்க் குரல் பேக்கேஜை இறக்கினால் 'பர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி மறுப்பு. நிரல் ஸ்பீக்கரை இயக்கப் பார்த்தாலும் அதே பதில். எல்லா அனுமதியும் உள்ள 'ரூட்' பயனராக மாற்றாமல் விட்டது என் தப்புதான்.

என் கூட்டாளி மாணிக்கம் டீசல் ஊற்றிவிட்டு, மணலில் ஏற்றியிருந்த படகருகே நின்றிருந்தான்.

"இன்னா மச்சான், உன் பொட்டி பேசுமா, நான் கெளம்பட்டா?"

"இருடா, பர்மிஷன் கெடைக்கல."

"யாரு குடுக்கணும், கலெக்டரா?"

சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தான். அப்போது ஸ்பீக்கர் பேசியது, நம்பினால் நம்புங்கள்.

"மாணிக்கம், ஏறாத நைனா."

நான் எழுதி வைத்திருந்தது 'கடல் சீற்றமாக உள்ளது, மீனவர்கள் செல்ல வேண்டாம்' என்ற ஒரே வரி. அதில் மாணிக்கமும் இல்லை, நைனாவும் இல்லை. பேசுவதற்கான பேக்கேஜே உள்ளே இறங்கவில்லை, ஏலம் கூவும் மைக்கும் அதில் மாட்டியிருக்கவில்லை, என் போன் பையில் அணைந்து கிடந்தது.

மாணிக்கம் காலை எடுத்துவிட்டான். "டேய், பேஜாரு பண்ணாத. உன் கொரல்தான அது? எப்ப ரெகார்டு பண்ண?"

ஆமாம், என் குரல்தான். ஆனால் நான் வாயே திறக்கவில்லை, யாரையும் நைனா என்று கூப்பிடும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

அன்று கடல் குளம் மாதிரி கிடந்தது, போன படகெல்லாம் நல்லபடியாகத் திரும்பின. மாணிக்கம் மட்டும் ஏதோ உறுத்தி, ஆட்களைக் கூட்டிப் படகைப் புரட்டிப் பார்த்தான். அடிப்பக்க ஃபைபரில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

"உள்ள போயிருந்தா நான் காலி மச்சான்" என்றான்.

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஏதோ ரேடியோ இரைச்சல் என்கிறான். இரைச்சலுக்கு மாணிக்கத்தின் பெயர் எப்படித் தெரியும்? ஊரில் சாமி என்கிறார்கள், அதையும் நான் ஏற்கமாட்டேன். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் அந்த நேரத்து லாகை இன்னும் வைத்திருக்கிறேன், அதில் இருப்பது 'பர்மிஷன் டினைடு' மட்டும்.

வருகிற ஞாயிறு அதே கண்டெய்னரை, எதையும் சரிசெய்யாமல், மறுபடி ஓடவிடப்போகிறேன். ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கிவிடுவேன். மாணிக்கம் ஒட்டுப்போட்ட படகில் ஒரு காலை வைத்து நிற்பான். நான் எல்லோருக்கும் முன்னால், வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசட்டும், பார்த்துவிடுகிறேன்.