உள்ளானின் தோல்

பிள்ளைகளே, இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் ஒஸ்லோவில் ஒரு பட்டறையில் துப்புரவு வேலை செய்தேன். வேட்டைக்காரர் கொண்டுவரும் பறவைகளைப் பாடம் செய்து, உயிரோடு நிற்பதுபோல் நிறுத்திக் கொடுக்கிற இடம் அது. ஒரு நோர்வேப் பெண் தனியாக நடத்தினார்.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த நோர்வே முதியவர் ஒருநாள் சின்னப் பொதியோடு கதவைத் தட்டினார். உள்ளே, உறைந்துபோன ஓர் உள்ளான் குருவி. சேற்றைக் கிளறித் தின்னும் நீள அலகு, கைக்குள் அடங்கும் உடம்பு. அவருடைய வேட்டை நாய் கடைசியாகக் கவ்விவந்து அவர் கையில் வைத்த பறவை. அந்த மாரியில் நாய் செத்துப்போனது.

"அதின்ரை ஞாபகமாய் வேறை ஒண்டும் இல்லை. பழுதாக்காமல் செய்யச் சொல்லும்" என்றார். நானும் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன்.

பட்டறைக்காரி பொதியைப் பிரித்துப் பார்த்தார். "கனகாலம் ஃபிரீசரிலை கிடந்திருக்கு. தோல் கிழிஞ்சாலும் கிழியும், சொல்லிவையும்."

அவர் வேலை செய்த அன்று நான் தரையைத் துடைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளானின் தோல் வெங்காயத்தின் உள்சவ்வு மாதிரி. இறகில் கொழுப்பு ஒட்டாமல் உருளைக்கிழங்கு மா தூவி, விரல் நுனியால் தசையை விலக்கி, காலுறை கழற்றுவதுபோல் தலைவரைக்கும் தோலை உட்புறமாகத் திருப்பினார். கழுத்தில் கிழிந்தது. நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அவர் எழுந்துபோய்க் கோப்பி குடித்தார். திரும்பி வந்து மயிர்போன்ற நூலால் உள்ளேயிருந்து தைத்தார். பிறகு கழுவினார். பறவை நனைந்த கந்தலாகக் கிடந்தது. தலைமயிர் உலர்த்தும் கருவியால் ஊத ஊத, ஒவ்வோர் இறகாக எழும்பித் தன் இடத்தில் போய்ப் படுத்தது. தையல் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பொறுமை என்று வாயால் சொல்கிறோமே, அதை ஒருவர் கையால் செய்ய நான் கண்டது அங்கேதான்.

வீட்டில் மனைவி என் சுவெற்றரிலிருந்து ஓர் இறகை எடுத்தாள். "கோழிக்கடையிலையோ வேலை எண்டு சனம் கேக்கப்போகுது."

பறவை காய்ந்ததும், கழுத்து கிழிந்ததை முதியவரிடம் சொல்லி அவரைக் கூட்டிப்போனேன். பாசி படர்ந்த மரத்துண்டில் உள்ளான் ஒரு காலை முன்னே வைத்து நின்றது. கனநேரம் பார்த்துவிட்டு முதியவர் என்னைக் காட்டிக் கேட்டார்: "கழுத்திலை கிழிஞ்சது எண்டு இவர் சொன்னவர். நாய் கடிச்ச இடமோ?"

"இல்லை, அது என்ரை கையாலை கிழிஞ்சது" என்றார் பட்டறைக்காரி. "தோல் முழுக்க உள்பக்கம் திருப்பிப் பாத்தனான். உம்மடை துவக்குச் சன்னம் போன ஓட்டையள் இருக்கு. பல்லுப் பட்ட அடையாளம் இல்லை."

"ஒண்டுகூடவோ?"

"ஒண்டுகூட இல்லை. இவ்வளவு மெல்லமாய்க் கவ்வின நாயை நான் காணேல்லை."

முதியவர் கதிரையில் இருந்துவிட்டார். "குட்டியிலை என்ரை சப்பாத்தெல்லாம் சப்பித் திண்டது" என்றார்.

"சப்பாத்தைக் கொண்டுவந்திருந்தால் என்னாலை ஒண்டும் செய்திருக்கேலாது" என்றார் பட்டறைக்காரி.

முதியவர் சிரித்தார். வீடு வரும்வரைக்கும் நாயைப் பற்றியே கதைத்தார். உள்ளானை வைத்த பெட்டியை நான் தூக்கிவரட்டோ என்று கேட்டேன், அவர் தரவில்லை.