அண்ணனுக்கு வராத அம்மாவின் மறதி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஆவடி குவார்ட்டர்ஸ் ஜெபக்கூட்டத்தில் கேலி பேசி எல்லோரையும் சிரிக்கவைக்கும் ஜெபசீலனைத்தான் உங்களுக்குத் தெரியும். போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும், என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முக்கியமாக நான்.

என் அம்மாவுக்கு மறதி நோய். அறுபது வயதுக்கு முன்பே வந்துவிட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அப்படியே. எங்கள் வீட்டில்தான் அம்மா இருக்கிறார்கள். தினமும் சோறு ஊட்டுகிற என்னைப் பார்த்து, "பால்காரரே, நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்பார்கள்.

இந்த நோயை ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் எங்கள் குடும்பத்தாரின் ரத்தத்தைக் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இறங்கும் மரபணுக் கோளாறு அம்மாவிடம் இருந்தது. அது பிள்ளைகளுக்கு வந்திருக்கிறதா என்று விருப்பமிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அண்ணன் தேவராஜ் உடனே கேட்டார். அவருக்கு இல்லை.

அடுத்த ஞாயிறே திருவேற்காட்டில் அவர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். பிரியாணி. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் வயிறு எரிய எரிய இறங்கியது. ஒரே அம்மா, ஒரே குழம்பு. அவர் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டுத்தான் வளர்ந்தேன். இதையும் எனக்கே விட்டுவிட்டாரா?

என் கணக்கு இதுதான்: நோய் அம்மாவின் சொத்து, வாரிசு இரண்டு பேர். அண்ணன் பங்கு வேண்டாமென்று விலகிவிட்டார். ஆக முழுசும் எனக்கு. இதை அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவிடமே சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இது வீட்டுமனை இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா காசு சுண்டிப் போடுற மாதிரி. அண்ணனுக்கு வரலைங்கிறதால உங்களுக்குக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது" என்றார்.

அப்படியும் என் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கத் தைரியமில்லை. தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் மறதி வந்துவிட்டது! ஸ்கூட்டரை ஆவடி ஸ்டேஷனில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன். வண்டியைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுக்கப் போனேன். பெயர் கேட்டார்கள். தேவராஜ் என்றேன்.

என் மனைவி மெர்சி ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து, "ஞாபக சக்திக்குங்க, மெடிக்கல்ல சொல்லி வாங்கினேன்" என்றாள். சில நாளிலேயே தலை தெளிந்தது. யூதா ராஜாக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தேன். பிறகுதான் டப்பாவைப் பார்த்தேன். அவள் மூட்டுவலிக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரை.

"இன்னாடி இது?"

"உங்களுக்கு மறதி இல்லீங்க, கிலி. கிலிக்கு சுண்ணாம்பே போதும்."

அந்தச் சுண்ணாம்பு கொடுத்த தைரியத்தில் போய் முடிவைக் கேட்டேன்.

இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இப்போது நோய் இல்லை, பின்னால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ரத்தக் குப்பிகள் மாறிப்போயிருக்கட்டும்" என்று ஜெபித்தேன். மாறியிருந்தால் நோய் யாருக்குப் போகும் என்று தெரிந்தேதான் கேட்டேன். சொல்லி முடித்ததும் அழுதேன். "நோயை எடுக்காவிட்டாலும் இந்த எரிச்சலை எடுத்துவிடும். எனக்கு என் அண்ணன் வேண்டும்" என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணன் வாசலில் நின்றார். மெர்சி போனில் சொல்லியிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அம்மா அவர் கன்னத்தைத் தடவி, "ஜெபா, சாப்ட்டியா கண்ணு?" என்றார்கள்.

"என் பேரையும் நீயே எடுத்துக்கினியா?" என்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் பொலபொலவென்று அழுதுவிட்டார். "எப்ப வந்தாலும் உன் பேருதான்டா சொல்லுது. எம்மா நாளா எனக்கு எரியுது தெரியுமா? நீ கூடவே இருந்து பாத்துக்கினு கீற, நான் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறேன். பிரியாணி போட்டேனே, அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல. எனக்கு இல்லன்னதும் உன் மூஞ்சிதான் முன்னால நிக்குது. இங்க பக்கத்துத் தெருவுல ஊடு பாத்துட்டேன். அண்ணியும் சரின்னுட்டா. காலைல அம்மாவ நான் பாக்கறேன். அப்பால உன்னையும் நான்தான் பாப்பேன்."

"நீ யாருன்னு நானே கேட்டா?"

"பால்காரன்னு சொல்றேன். போடா."

இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

எடுக்கச் சொன்ன எரிச்சலை ஆண்டவர் எடுத்துப்போட்டார். முழுவதும் போய்விட்டது என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நரைத்தும் அண்ணன் தலைமுடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது படுத்தால் தூங்குகிறேன். புது மருந்து ஆராய்ச்சி ஒன்றிலும் சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கிடைப்பது மருந்தா வெறும் மாவா என்பது எனக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. வரிசையில் பக்கத்தில் இருப்பவருக்கு நிஜ மருந்தோ என்று வயிறு லேசாக எரியும். அவருக்காகவும் ஜெபித்துவிட்டு விழுங்குகிறேன்.

பயத்தில் இருக்கிறவர்களே, நல்ல ஜெபம் வாயில் வரவில்லையென்றால் கெட்ட ஜெபத்தையாவது அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அதிலிருந்து எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். என்றாவது நான் இங்கே எழுந்து நின்று இதே சாட்சியை முதலிலிருந்து ஆரம்பித்தால், தயவுசெய்து யாரும் நிறுத்தாதீர்கள். புதிதாகக் கேட்பதுபோல உட்கார்ந்து கேட்டு, முடிவில் சத்தமாக ஆமென் சொல்லுங்கள்.