பிரிட்ஜ் கதவில் ஒரு செனற்றர்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் பெண் உறுப்பினர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்குகிறார்களாம். சிவனேஸ்வரியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். புருஷன் என்ற முறையில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தெரியும்தான். ஆனால் அவளைப் பற்றி எழுதுவதென்றால் இன்னொரு ஆளைப் பற்றியும் எழுத வேண்டும். அந்த ஆளுக்கு அரைப் பக்கம் எந்த மூலைக்கு?

அவர் பெயர் ரொபேர்ட் லா ஃபொலெற். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஆளுநராக இருந்து, பிறகு செனற்றர் ஆனவர். 1925-இல் செத்துப்போனார். லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் நாலு வருஷமாக என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். தலை நிறைய மயிர். நெற்றிக்கு மேலே நிமிர்த்தி வாரிவிட்ட மயிர். எனக்கு முப்பத்தெட்டு வயதிலேயே எல்லாம் கொட்டிவிட்டது. பால் எடுக்கப் போனாலும் அந்த மயிரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதலில் அவளைச் சொல்கிறேன். சிவனேஸ்வரி ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மூன்றாவது மகள். நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். நான் மூன்று வகுப்பு மேலே. சரித்திரத்தில் அவளை வெல்ல ஆளில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு சின்னப் புள்ளி வித்தியாசத்தில் தவறிப்போனது. அதற்குப் பிறகு என்னைக் கட்டிவைத்தார்கள். 1985-இல் கைக்குழந்தையோடு லண்டன் வந்தோம். வந்த இரண்டாம் வருஷம் பக்கத்து ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருஷமாக வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொடுக்கிறாள். வாய் மட்டும் மசியவில்லை. பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால்தான் 2002-ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்தச் சங்கடம் வந்தது.

கூட்டம் தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், ஒரு தேவாலய மண்டபத்தில். நான் செயலாளர். தலைவர் அம்பலவாணன் அண்ணை. ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய வரவேற்பு வளைவு ஒன்று கட்டுவது என்று அண்ணையின் வீட்டு ஹோலில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வளைவின் தூணில் பளிங்குக் கல். கல்லில் நிர்வாகசபையின் பெயர்கள். பொதுக்கூட்டம் கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. நாங்கள் எல்லாவற்றையும் ஏகமனதாகத்தான் நிறைவேற்றுவோம். பதினொரு வருஷக் கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்ற சொல்லை நான் எழுதாத பக்கமே கிடையாது.

சிவனேஸ்வரி எழும்பினாள்.

"வளைவு பிறகு கட்டலாம். முதல்லை பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கக்கூஸ் கட்டுங்கோ. நாங்கள் படிக்கேக்கை ஒண்டும் இல்லை. காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காமல் இருந்தனாங்கள். இப்பவும் அப்பிடித்தானாம். பெரிய பிள்ளையள் மாசத்திலை நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு வாறேல்லை. இதை நான் பிரேரிக்கிறன்."

பொதுக்கூட்டத்தில் கக்கூஸ் என்ற சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"வழிமொழிய ஆராவது இருக்கினமோ?" என்றார் அண்ணை.

சங்க யாப்பின்படி, அதாவது சங்கத்தின் சட்டவிதிப்படி, ஒரு பிரேரணையை இன்னொருவர் வழிமொழிந்தால்தான் வாக்குக்கு விடலாம். இல்லையென்றால் அது அந்த இடத்திலேயே விழுந்துவிடும். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற கையைத் தூக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பளிங்குக் கல்லில் என் பெயர் வரவிருந்ததும் ஒரு காரணம், பொய் சொல்லவில்லை. பிரேரணை விழுந்தது. வளைவு ஏகமனதானது.

காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாடா, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். மடையன்.

அடுத்த வருஷம் தையல் வகுப்புக்குப் போகவேண்டும் என்றாள். தையல் வகுப்பு நடக்கிற கட்டடத்தில் கார் நிறுத்த இடமில்லை. செவ்வாய் மாலையில் இன்னொரு கல்லூரியில், நல்ல கார்ப் பார்க்கோடு, அமெரிக்க சரித்திர வகுப்பு இருந்தது. "உமக்குத்தான் சரித்திரம் பிடிக்குமே" என்று நானே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கார்ப் பார்க்குக்காக! என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். அங்கே ஆளுக்கொரு அரசியல்வாதியை எடுத்துப் படிக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் பெரிய பெரிய ஜனாதிபதிகளை எடுத்துவிட, கடைசியில் இவளுக்குக் கிடைத்தவர்தான் நம்ம ஆள்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் கதைதான். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவராம். கட்சிப் பெரியவர்கள் ஒரு அறைக்குள் இருந்து வேட்பாளரைப் பொறுக்குகிற வழக்கத்தை உடைத்து, சாதாரண சனமே தெரிவுசெய்ய வைத்தவராம். "அம்பலவாணன் அண்ணையின்ரை ஹோல் மாதிரித்தான் அந்த அறையும் இருந்திருக்கும்" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, இதைக் கேளுங்கோ. 1908-இலை ஒரு சட்டத்தைத் தடுக்கிறதுக்காகப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேலை நிண்டு கதைச்சவர். களைக்கக் களைக்க முட்டையும் பாலும் அடிச்சுக் குடிச்சவராம். அதிலை ஒண்டு பழுதாம். குடிச்சிருந்தால் ஆள் செத்திருப்பாராம்."

குடித்திருக்கலாம் என்று என் மனதில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முட்டைக்கோப்பி அடித்துத் தருகிறவள், இந்த வகுப்பு தொடங்கின நாளிலிருந்து அதை மறந்துவிட்டாள். அந்த ஆள் நூறு வருஷத்துக்கு முந்திக் குடித்த முட்டைக்கு அரை மணித்தியாலம் கவலைப்பட நேரமிருந்தது.

"மனிசியைத்தான் தன்ரை ஆகத் திறமான ஆலோசகர் எண்டு சொன்னவர். மனிசி சட்டம் படிச்சவ. கலியாணத்திலை, புருஷனுக்குக் கீழ்ப்படிவன் எண்ட சொல்லை எடுத்துப்போட்டுத்தான் கட்டினவை."

"நானும் உம்மைக் கேட்டுத்தானே எல்லாம் செய்யிறன்" என்றேன்.

"எப்ப?" என்றாள்.

உயிரோடு இருக்கிற ஒருவன் என்றால் போய் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரலாம். இது செத்து எண்பது வருஷமான ஆள். சண்டை பிடிக்கவும் வழியில்லை. ஒருநாள் பிரிட்ஜில் இருந்த படத்தை மீன்கடைக் கலண்டரால் மறைத்து ஒட்டினேன். பின்னேரம் கலண்டர் குப்பைக்குள் கிடந்தது. மகள் அஜந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ஆர் யூ ஜெலஸ்? ஹீ இஸ் டெட், அப்பா!" என்றாள். எனக்கென்ன பொறாமை என்று அதட்டினேன். பொறாமைதான். இருபத்து மூன்று வருஷம் ஒன்றாக வாழ்ந்த பெண், என்னைப் பற்றி ஒருநாளாவது அப்படிக் கண் விரியச் சொன்னதில்லை.

அந்த ஆளிடம் பிழை பிடிக்க வேண்டும் என்பதற்காகவே நானும் படித்தேன். 1924-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று, சொந்த மாநிலம் ஒன்றை மட்டும்தான் வென்றிருக்கிறார். "பாத்தீரோ, தோத்துப்போனவர்" என்றேன். "ஆறிலை ஒரு பங்கு சனம் வாக்குப் போட்டது. உங்கடை தலைவருக்கு ஆர் போட்டது?" என்றாள். புத்தகத்தை மூடினேன்.

2005 ஆனி மாதம், லா ஃபொலெற்றின் வாழ்வும் அவர் விட்டுப்போனதும் என்று பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினாள். ஆங்கிலத்தில். அவள் வேலைக்குப் போன நேரம், அவளுடைய பையைத் திறந்து எடுத்து வாசித்தேன். களவுதான், ஒப்புக்கொள்கிறேன். காதல் கடிதத்தைத் தேடுகிறவன் மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன்.

எட்டாம் பக்கத்தில் 1917 வந்தது. அமெரிக்கா முதலாம் உலகப்போரில் இறங்குவதா என்று செனற்றில் வாக்கெடுப்பு. லா ஃபொலெற் எதிர்த்து மணிக்கணக்காகப் பேசுகிறார். துரோகி என்கிறார்கள். அவர் படித்த பல்கலைக்கழகத்து ஆசிரியர்களே அவருக்கு எதிராகக் கையெழுத்து வைக்கிறார்கள். செனற்றை விட்டே துரத்தப் பார்க்கிறார்கள். கொஞ்சமும் அசையவில்லை அந்த மனுஷன். வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. நல்ல ஆள் என்று தெரிந்த பிறகு ஒருவனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம்!

அந்தப் பக்கத்தின் பின்புறத்தில், பென்சிலால், தமிழில் நாலு வரி இருந்தது. வகுப்புக்கு அல்ல, தனக்கென்று எழுதியது.

'எல்லாரும் லா ஃபொலெற்றைத்தான் பேசுகிறார்கள். போர் வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரை யாரும் பேசுவதில்லை. எனக்கு லா ஃபொலெற் தேவையில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருந்திருந்தால் போதும்.'

மூன்று தரம் வாசித்தேன். எந்தக் கதிரை என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு வருஷமாக நான் பிழையான ஆளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அவள் கேட்டது தலை நிறைய மயிரையும் பதினெட்டு மணித்தியாலப் பேச்சையும் அல்ல. ஒரு கை. அதைக்கூட நான் கொடுக்கவில்லை. கட்டுரையைப் பைக்குள் வைத்துவிட்டு, சாப்பிடாமல் இருந்தேன். அன்று அந்த ஐந்து பேர் மேலும் பொறாமை வந்தது. பெயர் தெரியாத ஐந்து பேர்!

ஐப்பசியில் பொதுக்கூட்டம். அதே மண்டபம். வளைவு ஊரில் எழும்பிவிட்டது. பளிங்குக் கல்லில் என் பெயர் இருக்கிற படம் வந்து என் சட்டைப் பைக்குள் இருந்தது. இந்த முறை அண்ணை, வளைவுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று கட்டுவோம் என்றார். நல்ல கைதட்டல்.

சிவனேஸ்வரி எழும்பினாள். என்னைப் பார்க்கவேயில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திச் சொன்னதையே, ஒரு சொல் மாறாமல் சொன்னாள். "பிரேரிக்கிறன்" என்று முடித்துவிட்டு நின்றாள். கதிரையில் இருக்கவில்லை. பிரேரணை விழுகிறதை நின்றபடி பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

"வழிமொழிய ஆராவது இருக்கினமோ?" அண்ணை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த கடதாசியை எடுத்துவிட்டார்.

எல்லாரும் என்ன நினைப்பார்கள், பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்பார்கள், அண்ணை என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார். எல்லாம் வந்து போனது. அதற்கு நடுவில் இன்னொன்றும் வந்தது. லா ஃபொலெற் செத்தவர். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும், மிச்சத்துக்கு வந்து இந்த மண்டபத்தில் ஒரு கையைத் தூக்க அவரால் ஏலாது. அந்த ஐந்து பேராலும் ஏலாது. என்னால் ஏலும்.

தூக்கினேன்.

"நான் வழிமொழியிறன்."

"விஜயரத்தினம், நீர் செயலாளர். உம்மாலை ஏலாது" என்றார் அண்ணை.

"செயலாளரும் உறுப்பினர்தான் அண்ணை. யாப்பைத் திருத்தி எழுதினதே நான்."

வேறு வழியில்லாமல் வாக்குக்கு விட்டார். முதலில் தூக்கினது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணையின் மனிசி கனகவல்லி அக்கா. அவவும் எங்கள் பள்ளிக்கூடம்தான். அவவும் தண்ணீர் குடிக்காமல் இருந்தவதான். பிறகு பின்வரிசைப் பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள். சில ஆண்கள் தங்கள் மனிசிமாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். ஆதரவாக இருபத்தாறு, எதிராகப் பத்தொன்பது. பிரேரணை வென்றது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2002-இலும் இதே பெண்கள் இதே மண்டபத்தில் இருந்தார்கள். அன்றைக்கும் வென்றிருக்கும். பேனை பிடித்த ஒரு கைக்காக அந்தப் பிள்ளைகள் மூன்று வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். சட்டைப் பைக்குள் இருந்த பளிங்குக் கல் படத்தை எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

ஸ்ட்ரெதம் ஹைஸ்ட்ரீட் சிக்னலில் கார் நிற்கும்போது சொன்னாள்:

"கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம். பின்னுக்கு இருந்தவைக்கு வடிவாய்த் தெரிஞ்சிருக்காது."

"அடுத்த முறை கதிரைக்கு மேலை ஏறி நிண்டு தூக்கிறன்" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு காலம்!

மறுநாள் ஞாயிறு. எழும்பி வரும்போது மேசையில் முட்டைக்கோப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. பிறகு கூட்டக் குறிப்பை எழுதினேன். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக 'ஏகமனதாக' என்று எழுத முடியவில்லை. 'பிரேரித்தவர்: திருமதி சிவனேஸ்வரி. வழிமொழிந்தவர்: திரு. விஜயரத்தினம்' என்று எழுதி, ஒரு பிரதியை மேசையில் வைத்தேன்.

பின்னேரம் பால் எடுக்கப் போனேன். அந்தப் பிரதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. என் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இரண்டு வருஷம் கழிந்தும் அது அங்கேயேதான் இருக்கிறது. ஊரில் அந்தக் கட்டடமும் எழும்பிவிட்டது. அதன் சுவரில் யாருடைய பெயரும் இல்லை. அவள் போட விடவில்லை.

அரைப் பக்கம் கேட்டவர்கள் இதை என்ன செய்வார்களோ தெரியாது. வெட்டுவதென்றால் வெட்டட்டும். ஆனால் ஒன்றை மட்டும் வெட்டாமல் போட வேண்டும். அவள் என் பெயரை ஒட்டினது லா ஃபொலெற்றுக்குக் கீழே. மேலே தாராளமாக இடமிருந்தது.