சிவப்புப் பொட்டு வைத்த சென்சார்

செவ்வாய்க்கிழமை, முற்பகல்.
புகார் எண் 3.

எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதானதால்தான் என் கார் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கல்மண்டபத்துப் பட்டறையில் சொன்னார்கள். மாற்றச் சம்மதித்தேன். வண்டியை விடுமுன், அந்தச் சென்சாரின் மீது மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தேன்.

இன்று மெக்கானிக் சேகர் பழைய சென்சாரைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

"புச்சு போட்டாச்சு நைனா. இனிமே வண்டி பறக்கும்."

காகிதத்தில் இருந்ததில் பொட்டு இல்லை. பானட்டைத் திறக்கச் சொன்னேன். என் பொட்டு எஞ்சினிலேயே இருந்தது.

சேகர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒயர் முனைய தொடச்சேன், அதுலயே சரியாயிடுச்சு. மொதலாளியாண்ட சொல்லாத நைனா, இன்னிக்கே தொரத்திடுவாரு. வூட்ல ரெண்டு கொழந்திங்க கீது."

பணிவான வேண்டுகோள். முதலாளியை உரக்க அழைத்தேன்.

பட்டறைச் சட்டையை மாற்றிக்கொண்டு வேலையை விட்டு வெளியேறும்போது சேகர், "நல்லா இரு நைனா" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன். திருவொற்றியூர் வரை கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

இணைப்பு: படங்கள் இரண்டு. முதலாவது, என் சென்சார். இரண்டாவது, எவருடைய வண்டியிலிருந்தோ கழற்றியது. தம்முடையது என அடையாளம் காண்பவர் கீழே எழுதலாம்.