மரக்காணத்தில் இறங்கி எழுதிய மனு

மரக்காணத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். பக்கத்தில் என் அறைத்தோழி தொய்பி, மணிப்பூர்க்காரி. சற்று முன் பஸ்ஸில் ஒருவன், "சைனாக்காரி, எழுந்து நில்லு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். உடனே இறங்கிவிட்டோம்.

"விட்டுடு, யாரு சாட்சி சொல்வாங்க?" என்கிறாள் தொய்பி.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தெருவுக்கே மனு எழுதித் தருகிறவள். விடுவேனா?

எங்களோடு இறங்கிய உப்பளத் தொழிலாளி ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், டீயோடு வருகிறாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருக்கிறது.

"இன்னாக்கா எழுதற? படி, கேப்போம்."

மனித மாண்பு, அரசியல் சாசனம் என்று இரண்டு பக்கம் கம்பீரமாகப் படிக்கிறேன்.

"நல்லாத்தான் இருக்குது. பஸ் நம்பர் எங்க?"

எழுதவே இல்லை. நம்பர், நேரம், அவன் ஏறிய ஸ்டாப் எல்லாம் அவளே சொல்கிறாள்.

"ஸ்டேஷன்ல மனு குடுத்ததும் ரசீது கேளு. மேஸ்திரி மேல குடுத்தப்ப நான் கேக்காம வந்துட்டு நாயா அலைஞ்சேன்."

"சாட்சிக்கு?" தொய்பியின் குரல் தயங்குகிறது.

உப்பளக்காரி டம்ளரைக் கீழே வைக்கிறாள்.

"எங்க ஊரு இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்குது. டீ குடிக்கவா இங்க இறங்குனேன்? வா, போலாம்."