வண்டியை அணைத்துவிட்டு இறங்கிய முருகேசன்

செய்தி வந்தபோது நான் போலந்து நாட்டில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் ஓய்வில் இருந்தேன். இங்கே ஓய்வும் சட்டம்தான். எடுக்காவிட்டால் அபராதம். வண்டிக்குள்ளேயே சின்ன அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து என் மனைவி ரஹ்மத் கூப்பிட்டாள். "என்னங்க, வண்டி ஓடுதா நிக்கிதா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். "செத்த நேரம் எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க" என்றாள். அப்புறம்தான் சொன்னாள்: "முருகேசண்ணே போயிட்டாருங்க. மண்டியில வண்டி ஏறிருச்சு."

அவனை எடுத்த அன்று நான் இல்லை. முப்பதாம் நாளுக்கும் வர முடியாது. அதனால் இதை எழுதி அனுப்புகிறேன். ஒட்டன்சத்திரத்தில் அவனோடு காய்கறி ஏற்றியவர்களும், பாலக்காட்டுச் சாலையில் அவனோடு டீ குடித்தவர்களும் அன்றைக்குக் கூடுவீர்கள். யாராவது ஒருவர் வாசித்தால் போதும். 'கண்ணு தெரியாதவன் அங்கன போயி ஏன் நின்னான்' என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முருகேசனும் நானும் ஒரே வண்டியில் இரட்டை டிரைவராகப் பல வருடம் ஓடினோம். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பழனி, பொள்ளாச்சி வழியாகக் கேரளா. ஒருவன் ஓட்ட, ஒருவன் தூங்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் அவன் ஓட்டும்போது என்னைத் தூங்க விடமாட்டான். "மாப்ள, இடது பக்கம் பாரு" என்பான். "ஏலே, இடது பக்கம் என்ன வருது?" என்பான். அவனுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று நினைத்து நானும் சொல்லிக்கொண்டே வருவேன். பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி, பாடியைத் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா, போதும்" என்று குரல் கொடுப்பேன். என் குரலுக்கு அவன் வண்டி நிற்கும் நேர்த்தியை மற்ற டிரைவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் எங்கள் முதலாளி ஒரு முடிவெடுத்தார். இனி வண்டிக்கு ஒரு டிரைவர் மட்டும்தான், கிளீனரும் கிடையாது. அந்த வாரமே முருகேசன் என் வீட்டுக்கு வந்து ஒரு விளம்பரத்தைப் போனில் காட்டினான். ஐரோப்பாவில் ட்ரெய்லர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், திருச்சியில் நேர்காணல். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஓட்டிய காலத்தில் எடுத்த ட்ரெய்லர் லைசென்ஸ் எங்கள் இருவரிடமும் இருந்தது. "போவம் மாப்ள. இங்க ஒத்தையில ஓட்டுறதுக்கு அங்க போயி ஓட்டுவம்" என்றான். எப்போதும் எதையும் தள்ளிப்போடுகிறவன் அவ்வளவு அவசரப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு பேருக்கும் அதுதான் வாழ்க்கையில் முதல் நேர்காணல். அதுவரை எங்களை வேலைக்கு எடுத்தவர்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை, சாவியை நீட்டியிருக்கிறார்கள். ரஹ்மத் பி.காம். படித்தவள். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள்தான் வெளிநாட்டு அதிகாரி என்று வைத்துக்கொண்டு நாங்கள் பயிற்சி செய்தோம். முருகேசன் உள்ளே வந்து கும்பிட்டு, "குட்மார்னிங் தங்கச்சி" என்றான். "அண்ணே, நான் இப்ப சாரு. தங்கச்சின்னு சொன்னா வெளிய அனுப்பிருவாங்க" என்றாள் அவள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, "ட்வென்டி அவர்ஸ் சார், நோ ஸ்லீப்!" என்றான்.

நம்ம ஊரில் இந்தப் பதிலுக்குத்தான் வேலை கொடுப்பார்கள். ரஹ்மத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கே ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான், அதற்கு மேல் முதலாளியே சொன்னாலும் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவள் விளக்கினாள். முருகேசனுக்கு நம்பிக்கை வரவில்லை. "மாட்டேன்னு சொல்றவனுக்கா வேல குடுப்பாக? என்னத்தா, வெளையாடுறியா?" என்று கேட்டான். பல நாள் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பதில் அவன் வாய்க்குப் பழகியது. அவன் மனைவி பாண்டியம்மாளும் சில நாள் கூட வருவாள். அவன் ஆங்கிலம் பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பேச்சைவிடப் பெரிய சோதனை, ட்ரெய்லரைத் தனியாகப் பின்னால் எடுத்து நிறுத்துவது. கண்ணாடியை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். முருகேசன் ஊரான, திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர் பக்கம் மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடந்த ஒரு பொட்டல் இருந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெய்லரை இரவல் வாங்கி, காலி டிரம்களை இரண்டு பக்கமும் நிறுத்திப் பழகினோம். நான் தட்டுத்தடுமாறி இரண்டாம் வாரத்தில் தேறிவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரனான முருகேசனுக்குத்தான் வரவில்லை. வலது பக்கம் நூல் பிடித்த மாதிரி வருவான். இடது பக்க டிரம்மை ஒவ்வொரு முறையும் இடித்துத் தள்ளினான். கண்ணாடி சரியில்லை என்றான், வெயில் அடிக்கிறது என்றான். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை டிரம் வண்டிக்கு அடியில் போய் நசுங்கியது. அவன் இறங்கி வந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "மாப்ள, எனக்கு இடது கண்ணு தெரியாதுடா" என்றான். முன்பொரு முறை பொள்ளாச்சியில் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து, அதன் கொக்கி முகத்தில் அடித்தது. அது எனக்குத் தெரியும், ஆறிவிட்டதாக நினைத்திருந்தேன். பார்வை திரும்பாது என்று மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். பாண்டியம்மாளைத் தவிர யாருக்கும் அவன் சொல்லவில்லை. "நீதான் பக்கத்துல இருந்தியே. ஒன் கண்ண வச்சுத்தான் அம்புட்டு வருசமும் ஓட்டுனேன்" என்றான். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அவன் ஏன் அவசரப்பட்டான் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒற்றை டிரைவர் என்று ஆகிவிட்டால் இங்கே சீக்கிரமே மாட்டிக்கொள்வான். ஸ்டியரிங்கைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வெளிநாட்டு வண்டியில் இடது பக்கத்தைக் காட்டும் கேமரா இருக்கிறது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அது இருந்தாப் போதும் மாப்ள. நீ இல்லாட்டி அது" என்றான். நான் வேண்டாம் என்றேன். ரஹ்மத் இன்னும் கடுமையாகச் சொன்னாள்: "அண்ணே, அங்க ரோட்டுல சைக்கிள்ல போற பிள்ளைக இருக்கும்." அவனோ, கண் பரிசோதனைப் பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை எங்கிருந்தோ எழுதி வாங்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்கினான்.

திருச்சியில் நேர்காணல் நன்றாகவே நடந்தது. திரையில் தெரிந்த வெள்ளைக்காரர் எத்தனை மணி நேரம் ஓட்டுவாய் என்று அவனிடமும் கேட்டார். ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் மாட்டேன் என்று தடுமாறாமல் சொன்னான். கண் பரிசோதனையில் வலது கண்ணை மூடச் சொன்னபோது எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தான். மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என்னைப் பார்த்து அவன் சிரிக்கக்கூட இல்லை. மிச்சம் இருந்தது ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது ஒன்றுதான். நான் எடுத்து முடித்துவிட்டு ஓரமாக நின்றேன். எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஐந்தாறு பேரும் வரிசையில் நின்றார்கள்.

முருகேசன் ஏறினான், வண்டியைக் கிளப்பினான். சோதனை அதிகாரி கையில் அட்டையோடு வண்டியைச் சுற்றி நடந்து இடது பக்கப் பின்முனைக்குப் போனார். வண்டி கொஞ்ச தூரம் பின்னால் நகர்ந்தது, நின்றது. என்ஜின் அணைந்தது. அவன் இறங்கிச் சுற்றி வந்து அதிகாரி முன்னால் நின்றான். "ஓரமாத்தானே நிக்கிறேன், நீ வாப்பா" என்றார் அவர். "நீங்க நிக்கிறது எனக்குத் தெரியல சார். எனக்கு இடது கண்ணு கெடையாது. மன்னிச்சுக்கங்க" என்றான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாவியை அவரிடம் கொடுத்தான். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னான்.

எனக்கு வேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏன் மச்சான், இம்புட்டு தூரம் வந்துட்டு?" என்று கேட்டேன். "டிரம்மா இருந்தா இடிச்சிருப்பேன் மாப்ள. அந்தாளு அங்கதான் இருக்கான், ஆனா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல. எப்பிடிடா நகட்டுறது?" என்றான். வையம்பட்டி தாண்டியதும் தூங்கிவிட்டான்.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் முதலாளி அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் செய்தது தவறு என்றும் சொல்ல முடியவில்லை. வேறு எந்த முதலாளியும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு மண்டியில் அவனுக்கு வேலை கிடைத்தது. தனியாக வரும் டிரைவர்களுக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும் வேலை. நான் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்தவன், "கேமரா நெசமாவே இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றான். இருக்கிறது என்று இங்கே வந்ததும் சொன்னேன். "அப்ப சரி" என்று சிரித்தான். அது என்னைச் சமாதானப்படுத்தச் சிரித்த சிரிப்பு.

நடந்ததை மண்டியில் இருந்தவர்கள் ரஹ்மத்திடம் சொல்லியிருக்கிறார்கள். முருகேசன் ஒரு வண்டிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடது பக்கத்தில் இன்னொரு வண்டி, யாரையும் கூப்பிடாமல் தானாகவே பின்னால் வந்தது. ஓட்டியவனும் தனி ஆள்தான், இறங்கிப் பார்க்கவில்லை. சத்தத்தில் முருகேசனுக்கு எது எந்த வண்டி என்று தெரிந்திருக்காது. ஓட்டியவன் இப்போது யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டில் கிடக்கிறானாம். அவன் இதைக் கேட்க நேர்ந்தால், எனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறது என்றும், அவனை அடிக்கக் கை ஓங்கினால் முருகேசன்தான் குறுக்கே வந்து நிற்பான் என்றும் தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம் பாண்டியம்மாள் என்னிடம் பேசினாள். அழவில்லை. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கித் திருச்சியில இவரு வாயத் தொறக்காம வண்டிய எடுத்திருந்தா, இன்னைக்கி ஒங்க கூட அங்கன இருந்திருப்பாரு. அப்பிடித்தான?" என்றாள். நான் பொய் சொல்லவில்லை. இருந்திருக்கலாம், ஆனால் அவன் வண்டியில் வேறு யாராவது அடிபட்டிருக்கலாம் தாயி என்றேன். "அது யாரோதானண்ணே. எனக்கு இவருதான வேணும்" என்றாள்.

முருகேசனிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது திருச்சி மைதானத்தில் அவன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். நான் பார்த்த மனிதர்களில் அப்படி இறங்கியவன் அவன் ஒருவன். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாண்டியம்மாளிடம் மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.