பரீட்சைக்கு வர வேண்டாதவர்கள்

ஏழாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்குக் கணக்குப் பாடம் எடுக்க மற்ற ஆசிரியர்கள் யாரும் முன்வராததால் அந்த வகுப்பு வருஷா வருஷம் அவள் தலையில்தான் விழும். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை; மின்விசிறி சுற்றுவதைவிடக் கத்துவதே அதிகம். மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்ததில் வெளிச்சமான மேல்மாடி அறைகள் ட்யூஷன் போகும் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் ஓடிவருகிறவர்கள் கீழே வந்து சேர்ந்தார்கள். அவளுடைய மகளும் அதே பள்ளிதான், மேல்மாடி. அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நகரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே தேர்வு வைத்துச் சராசரியை வெளியிடப் போகிறார்கள் என்றதும் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார்.

"உங்க வகுப்புல அஞ்சு பேர் நம்ம மானத்த வாங்கிடுவாங்க. அன்னைக்கு ஒருநாள் வீட்டுலயே இருக்கட்டும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

"மேடம், அது எப்படி..."

"உங்க வேலை இன்னும் நிரந்தரம் ஆகல, இல்ல?"

வீட்டில் கணவனும், "வம்பை விலைக்கு வாங்காத" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் அந்த ஐந்து பேரின் தாய்மாருக்கும் போன் செய்தாள். ஒருத்தி கூடச் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. தையல் ஆலைக்குப் போகும் ஒரு தாய், "நல்லதாப் போச்சு டீச்சர், கைக்குழந்தையப் பாத்துக்க ஆளில்லாம திண்டாடிட்டு இருந்தேன்" என்றாள்.

தேர்வன்று காலை அந்தத் தாயின் மகள் பள்ளி வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை.

"அம்மா சொல்லலையாம்மா உனக்கு?"

"சொன்னாங்க டீச்சர். ஆனா பின்னம் இப்பதான் எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. எழுதிப் பாக்கணும். பாப்பா அழாது."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, "போ, உள்ள போய் எழுது" என்றாள். தேர்வு முடியும்வரை தாழ்வாரத்தில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தாள். தலைமையாசிரியை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அந்தப் பெண் முப்பது மார்க்கைக்கூடத் தொடவில்லை. பின்னக் கணக்குகள் மட்டும் சரியாக இருந்தன. சராசரிப் பட்டியலில் பள்ளி, பக்கத்துப் பள்ளிக்குக் கீழே இறங்கியது. வருஷக் கடைசியில் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவள் ஒரு ட்யூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறாள். வசதியுள்ள பிள்ளைகள். போன வாரம் கடைத்தெருவில் அந்தப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மத்த நாலு பேரும் எப்படிம்மா இருக்காங்க?"

"ரெண்டு பேர் நின்னுட்டாங்க டீச்சர். நமக்கெல்லாம் படிப்பு வராதுன்னு பள்ளிக்கூடமே சொல்லிடுச்சாம்."

சொன்னது பள்ளிக்கூடம் இல்லை, போனில் பேசிய தான்தான் என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பேரின் வீடுகள் எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டாள்.